பொங்கலை ஆடிட்டோரியத்துக்கு வெளியே கொண்டு வாருங்கள்: தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அமெரிக்காவின் வடகிழக்கில், வருஷத்தில் நாலைந்து மாதம் பனி கொட்டுகிற ஊர்களில் தமிழ்ச் சங்கம் நடத்தும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். எந்த ஒரு சங்கத்தையும் குறிவைத்து எழுதவில்லை. நானே இரண்டு வருஷம் ஒரு சங்கத்தில் பொருளாளராக இருந்தவன். ஹால் வாடகை, சவுண்ட் சிஸ்டம், கேட்டரிங்குக்கு முன்பணம் என்று கணக்கெழுதிய கைதான் இது. அதனால் குறை சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை கிடையாது. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் போன தை மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து அம்மா வந்திருந்தார். வயது எழுபத்தாறு. முழங்கால் கொஞ்சம் தகராறு, மற்றபடி தெம்பானவர். பொங்கல் விழாவுக்கு அழைத்துப் போனேன். பள்ளிக்கூட ஆடிட்டோரியம். வெளியே மைனஸ் 12 டிகிரி, உள்ளே கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்கொள்ளும் அளவுக்கு ஹீட்டர். மேடையின் ஓரத்தில் தெர்மோகோலில் செய்த கரும்பு, மூன்று செங்கல், அதன்மேல் வண்ணம் பூசிய பானை, பானைக்கு அடியில் பேட்டரியில் சிமிட்டும் ஆரஞ்சு விளக்கு. நெருப்பு வைத்தால் அலாரம் அடிக்கும். மைக்கில் ஒருவர் ‘பொங்கலோ பொங்கல்’ என்றார். குலவைச் சத்தம் லேப்டாப்பிலிருந்து வந்தது.

அப்புறம் ஐந்து மணி நேரம் நிகழ்ச்சி. முப்பத்திரண்டு நடனம். தன் பிள்ளை ஆடி முடித்த கையோடு குடும்பம் எழுந்து சாப்பாட்டு வரிசைக்குப் போகும், அங்கிருந்து பார்க்கிங்குக்குப் போகும். கடைசி நடனத்தை ஆடிய ஆறு பெண் குழந்தைகளுக்கு எதிரே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி மடக்குகிற வேலை என்னுடையது என்பதால் எண்ணத் தெரியும்.

காரில் திரும்பி வரும்போது அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. டோல் தாண்டியதும் கேட்டார்: “ஏன்டா, பொங்கல் எப்போ வச்சாங்க? நான் பாத்ரூம் போயிருந்தப்பவா?”

இதற்கு நான் சொன்ன பதில் எல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். குளிர், நெருப்பு விதிகள், இன்சூரன்ஸ், வயதானவர்கள், குழந்தைகள். அம்மா எல்லாவற்றுக்கும் “சரி சரி” என்றார். நம் அம்மாக்கள் “சரி சரி” என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம் அவரை சரனாக் லேக் அழைத்துப் போனேன். நான் கேட்க வந்தது அந்த ஊரைப் பற்றியதுதான்.

நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, அடிராண்டாக் மலைகளுக்குள் இருக்கும் சின்ன ஊர் அது. மொத்தமே ஐயாயிரம் பேர் சுமாருக்கு இருப்பார்கள். 1932-லும் 1980-லும் குளிர்கால ஒலிம்பிக் நடந்த லேக் ப்ளாசிட் பக்கத்து ஊர்தான். அங்கே போகிற பாதி பேர் சரனாக் லேக்கைப் பெட்ரோல் போடுகிற இடமாகத்தான் பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் பல வருஷம் கடந்து போயிருக்கிறேன். அந்த ஊரில் 1897 முதல் ஒரு குளிர்காலத் திருவிழா நடக்கிறது. உள்ளூர் விளையாட்டு மன்றமான பான்டியாக் கிளப் ஒரு நாள் கூத்தாக ஆரம்பித்தது. மறு வருஷம், 1898-ல், முதல் பனிக்கட்டி அரண்மனையைக் கட்டினார்கள். இடையில் நடக்காமல் போன ஆண்டுகளும் உண்டு. இப்போது பிப்ரவரியின் ஆரம்பத்தில் பத்து நாள் நடக்கிறது.

அரண்மனை என்றால் அலங்காரத்துக்கு வைக்கிற பொம்மைக் கட்டடம் என்று நினைக்காதீர்கள். கோபுரமும் கொத்தளமும் வாசலும் உள்ளே சிம்மாசனமும் உள்ள, ஆள் நுழைந்து நடமாடும் கட்டடம். ஊருக்கு நடுவே இருக்கும் லேக் ஃபிளவர் ஏரியில் பனிக்கட்டியை அறுத்து, அதன் கரையிலேயே அடுக்கிக் கட்டுகிறார்கள். அறுப்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை என்ன தெரியுமா? அறுவடை. ஐஸ் ஹார்வெஸ்ட். ஜனவரி நடுவில், ஏரி போதுமான அளவு இறுகியதும் ஆரம்பிக்கும். அதாவது சரியாகத் தை பிறக்கும் நேரம். அந்தக் குளிரில் அந்த ஊரில் அறுவடைக்கு வருகிற ஒரே பயிர் பனிக்கட்டி. அதை அறுத்துவிட்டு அவர்கள் திருவிழா கொண்டாடுகிறார்கள். நாம் அதே வாரத்தில் தெர்மோகோல் கரும்பை ஆணியில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

பயிர் என்று சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்து ஏரிகளில் பனிக்கட்டி அறுப்பது ஒரு தொழில். மரத்தூளில் புதைத்து வைத்துக் கோடையில் விற்பார்கள். மாசசூசெட்ஸ் பக்கத்து ஏரிகளில் அறுத்த கட்டிகளை ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி கப்பலில் மதராஸ் வரைக்கும் கொண்டுவந்தார். அதை இறக்கி வைக்க 1842-ல் கட்டியதுதான் மெரினா எதிரே நிற்கும் ஐஸ் ஹவுஸ். திருவல்லிக்கேணிக்காரர்கள் பஸ்ஸில் “ஐஸ் ஹவுஸ் ஒண்ணு” என்று டிக்கெட் கேட்டது இந்த ஏரிகளின் பயிரால் வந்த பெயர். அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் அதே கட்டடத்தில் சில நாள் தங்கினார். சரனாக் லேக்கில் திருவிழா தொடங்கிய அதே வருஷம். இதில் தெய்வச் செயல் எதுவும் இல்லை, தற்செயல்தான். ஆனால் அம்மாவிடம் சொன்னபோது, “அப்போ இது நமக்குத் தெரிஞ்ச ஐஸ்தான்” என்று சட்டென்று உறவு கொண்டாடிவிட்டார்.

நாங்கள் போன சனிக்கிழமை காலை மைனஸ் 18. ஏரியின் மேல் பனியை வழித்துத் துப்புரவாக்கி வைத்திருந்தார்கள். பனி ஒரு கம்பளி மாதிரி. அது மூடிக்கிடந்தால் கீழே உள்ள நீர் மெதுவாகத்தான் உறையும். வழித்துவிட்டால் குளிர் நேராக இறங்கி, பாளம் தடிக்கும். அந்த வழித்த இடத்தில் வட்ட ரம்பம் பொருத்திய ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டம் கட்டமாகக் கோடு கிழிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டமும் நாலடி நீளம், இரண்டடி அகலம். அப்புறம் கடப்பாரை மாதிரி ஒன்றைக் கோட்டில் வைத்து ஒரு குத்து. பாளம் ‘டக்’ என்று விட்டுக்கொண்டு தண்ணீரில் மிதக்கும். ஓரடி கனம் இருந்தாலே இருநூறு கிலோவைத் தாண்டும். அதை, கொக்கி வைத்த நீளமான கழியால் ஒரு பெண் ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு போனார். வெட்டிய வாய்க்கால் வழியாக, ஒன்றன் பின் ஒன்றாக, தெப்பம் போகிற மாதிரி. கரையில் இயந்திரக் கை தூக்கிக்கொள்கிறது. முன்னெல்லாம் இடுக்கியும் கயிறும்தான். மீன் மார்க்கெட்டில் சாக்கு சுற்றி வரும் ஐஸ் பாரை மட்டுமே பார்த்திருந்த என் அம்மா, “இது ஏன் பச்சையா இருக்கு?” என்று கேட்டார். கலப்படமில்லாத ஏரிப் பாளத்தில் வெயில் பட்டால் அப்படி ஒரு நீலப்பச்சை. புகைப்படத்தில் அது வராது, நான் முயன்று பார்த்துவிட்டேன்.

பாளத்தைப் பாளத்தோடு ஒட்ட என்ன வைக்கிறார்கள் என்றால், பனியும் ஏரித் தண்ணீரும் கலந்த சேறு. சிமென்டும் இல்லை, ஒன்றும் இல்லை. வாளியில் அள்ளி, இடுக்கில் திணித்து, கையால் அழுத்தி வழித்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகிவிடும். இந்த வேலைக்கு வயது வரம்பு கிடையாது, தொழில் தெரிய வேண்டியதில்லை. முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை இருந்தால் போதும். நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம். தாடி முழுக்கப் பனி பிடித்த ஒருவர் என் கையில் ஒரு வாளியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். எங்கிருந்து வருகிறீர்கள், பெயர் என்ன என்று ஒரு கேள்வி இல்லை.

நான் தடுப்பதற்குள் அம்மா கையுறை வாங்கி மாட்டிக்கொண்டுவிட்டார். என்னுடைய பழைய பனிக் கோட்டு, அதற்குக் கீழே புடவை, புடவைக்குள் தெர்மல் பேன்ட். ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட் என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். முதலில் சேற்றை அள்ளி அப்பிப் பார்த்தார். வழிந்துவிட்டது. “தண்ணி ஜாஸ்தி” என்று என் வாளியில் கொஞ்சம் பனியை அள்ளிப் போட்டு, மாவு பிசைகிற மாதிரி பிசைந்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுக்குக்குள் தள்ளி, கட்டைவிரலால் ஓரத்தைச் சீவிவிட்டார். வரட்டி தட்டிய கை. பக்கத்தில் பத்து வயது இருக்கும் ஒரு பையன் இதைப் பார்த்துவிட்டுத் தன் வாளியையும் அவர் முன்னால் நீட்டினான். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அவனுக்குத் தமிழ் வராது. “இன்னும் கொஞ்சம் போடு, போடு, ம்ம், போதும்.” அவன் சரியாகத்தான் போட்டான். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜன்னலின் கீழ்விளிம்பை முடித்தார்கள். எனக்குக் கால்விரல் மரத்துப்போய், காருக்குப் போகலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன்.

இந்த வேலைக்காரர்கள் தங்களுக்கு வேடிக்கையாக ஒரு தொழிற்சங்கப் பெயரே வைத்திருக்கிறார்கள்: ஐஸ் பேலஸ் வொர்க்கர்ஸ் 101. சம்பளம் கிடையாது. பல வருஷம், பக்கத்தில் கேப்ரியல்ஸ் என்ற இடத்தில் இருந்த சிறை முகாமின் கைதிகள் வந்து பாளம் தூக்கியிருக்கிறார்கள். 2009-ல் அந்தச் சிறையை மூடியதும் ஊர்க்காரர்கள்தான் கூடுதலாகத் தோள் கொடுத்தார்கள். கைதி கட்டிய சுவரும் கடைக்காரர் கட்டிய சுவரும் பள்ளிக்கூடப் பிள்ளை அப்பிய சேறும் ஒரே கட்டடத்தில். ஒரு வருஷம்கூட அது ஏப்ரலைப் பார்க்காது. இளக ஆரம்பித்ததும், யார் தலையிலும் விழாமல் இருக்க அவர்களே இடித்துத் தள்ளிவிடுகிறார்கள். கல்வெட்டு இல்லை, நன்கொடையாளர் பெயர்ப் பலகை இல்லை. நம் சங்கங்களில் ஒரு குத்துவிளக்கு வாங்கினால்கூட அதன் தண்டில் உபயம் எழுதியிருக்கும்.

ஏன் இந்த ஊருக்கு இவ்வளவு குளிரில் வெளியே நிற்கத் தோன்றியது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது தாம்பரத்துக்காரனான எனக்கு நெருக்கமானதும்கூட.

1873-ல் எட்வர்ட் லிவிங்ஸ்டன் ட்ரூடோ என்ற இளம் மருத்துவர் காசநோயோடு இந்த மலைக்கு வந்தார். பிழைக்க வரவில்லை, பிடித்த இடத்தில் செத்துப்போகலாம் என்று வந்தார். சாகவில்லை. இன்னும் நாற்பத்திரண்டு வருஷம் இருந்தார். காட்டுக் காற்றும் ஓய்வும்தான் காப்பாற்றின என்று நம்பினார். நம்பிக்கையோடு நிற்காமல், முயல்களுக்குக் காசநோய்க் கிருமியை ஏற்றி, ஒரு கூட்டத்தை ஒரு தீவில் ஓடவிட்டு, இன்னொரு கூட்டத்தை இருட்டான ஈரமான இடத்தில் அடைத்துப் பார்த்தார். தீவில் ஒன்று தவிர எல்லாம் பிழைத்தன. அடைபட்டதில் ஒன்று தவிர எல்லாம் செத்தன. 1885-ல், காசநோயாளிகள் தங்கிக் குணமாவதற்கான தன் சானடோரியத்தைத் திறந்தார். முதல் நோயாளிகள் நியூயார்க் நகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அக்கா தங்கை இருவர். அதன்பின் ஊரே ஆஸ்பத்திரியாகிவிட்டது. வீட்டுக்கு வீடு கண்ணாடி வைத்த வராண்டா, அதில் சாய்வு நாற்காலி, அதில் கம்பளி போர்த்திய நோயாளி. மைனஸ் இருபதிலும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வெளியில் படுத்திருக்க வேண்டும். அதுதான் மருந்து. அப்படிப்பட்ட ஊருக்குத்தான் குளிர்காலத்தின் நடுவில் ஒரு கூத்து தேவைப்பட்டது.

அந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. மதியம் ஒரு தெருவில் நடந்தபோது அம்மா ஒரு வராண்டாவைப் பார்த்து நின்றுவிட்டார். “இது நம்ம சானடோரியம் மாதிரி இருக்குடா.” தாம்பரம் சானடோரியம் உங்களில் பலருக்கு ஒரு மின்சார ரயில் ஸ்டேஷன் மட்டும்தான். 1928-ல் டாக்டர் சவுரி முத்து அங்கே காசநோய் சானடோரியம் திறந்தார். பின்னால் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. என் தாத்தா, அம்மாவின் அப்பா, அதன் வராண்டாவில் மாதக்கணக்கில் படுத்திருந்தவர். அம்மாவைக் கிட்டே விடமாட்டார்கள். மரத்தடியில் நின்று கையாட்டிவிட்டு வருவாராம். இதை எனக்கு அவர் இதற்கு முன் சொன்னதே இல்லை. எத்தனையோ வருஷம் கழித்து, எட்டாயிரம் மைலுக்கு அப்பால், யாரோ ஒருவர் வீட்டு வராண்டாவுக்கு முன்னால் நின்று சொன்னார்.

மாத்திரைகள் வந்ததும் இரண்டு ஊருக்கும் கதை மாறியது. ட்ரூடோவின் சானடோரியம் 1954-ல் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறியவர் லாரி டாயில் என்ற பழைய பேஸ்பால் ஆட்டக்காரர். கொஞ்ச நாளில், 1959-ல், மதராஸ் சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம் ஒரு முடிவை வெளியிட்டது: நெருக்கடியான ஏழை வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களும், சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு படுத்துக்கொண்டே சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குணமானார்கள். உலகம் முழுக்க சானடோரியங்களுக்கு அவசியமில்லாமல் போனதில் நம் சேத்துப்பட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, சரனாக் லேக்கின் வராண்டாக்கள் நோயைக் குணமாக்கினவா என்பது சந்தேகம்தான். ஆனால் வெளியில் இருக்கும் பழக்கம் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. நோயாளிகள் போய்விட்டார்கள், திருவிழா போகவில்லை. ட்ரூடோவின் கொள்ளுப்பேரன் கேரி ட்ரூடோ பெயர்பெற்ற கார்ட்டூனிஸ்ட். திருவிழாவுக்கு வருஷா வருஷம் சட்டையில் குத்திக்கொள்ளும் பட்டனுக்கு அவர்தான் படம் போடுகிறார். வருஷத்துக்கு ஒரு கரு. 2025-ல் டைனோசர் காலம். அரண்மனையும் ஊர்வலமும் வேஷமும் எல்லாம் அதையொட்டி.

பிப்ரவரியில் திருவிழாவுக்கும் அம்மாவை அழைத்துப் போனேன். அழைத்துப் போனேன் என்பது தவறு, அவர் விடவில்லை.

நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. பனிச்சறுக்கு, டயர் டியூபில் மலையிலிருந்து சறுக்குவது, பனியில் வாலிபால், மடக்கு நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு ஊர்வலத்தில் ஆடிவரும் பெண்கள், கடைசி நாள் வாணவேடிக்கை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெண்களுக்கான வாணலி எறியும் போட்டி. வார்ப்பிரும்பு வாணலி. சுழற்றி எறிய வேண்டும், யாருடையது தூரம் போகிறதோ அவர் ஜெயித்தார். பூங்காவில் கயிறு கட்டி, கூட்டம் இரண்டு பக்கமும் நிற்கிறது. முதல் வாணலி பறந்து பனியில் ‘பொதுக்’ என்று விழுந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கரண்டியைத் தாண்டினாலே சோறு கிடைக்காது என்று வளர்ந்தவர். “தோசைக்கல்லையாடா எறியறாங்க?” ஐந்தாவது வாணலி பறந்தபோது, “அந்தப் பொண்ணு மணிக்கட்டைத் திருப்பலை, அதான் கிட்டக்க விழுந்துடுச்சு” என்று விமர்சனம் ஆரம்பித்துவிட்டது. எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி வந்து எறிந்தார். கொஞ்ச தூரம்தான் போனது. அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கைதட்டல் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

இன்னொன்று. ராஜா ராணிக்கு முடிசூட்டு விழா உண்டு. ராஜா ராணி என்றதும் நடிகரோ அரசியல்வாதியோ என்று நினைத்தேன். இல்லை, ஊருக்கு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உழைத்த உள்ளூர்க்காரர்கள். யார் என்பதை முடிசூட்டும் இரவு வரைக்கும் ரகசியமாக வைத்திருக்கிறார்கள். நாம் விமான டிக்கெட் போட்டு ஒரு டிவி பிரபலத்தை வரவழைத்து, முன்வரிசை சோபாவில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, அவர் பெயரையே தப்பாக உச்சரிக்கிறோம். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு விழாவிலும் கடைசியாகத் தரையைத் துடைத்துவிட்டுப் போகிற ஒரு அண்ணன் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். அவர் தோளில் ஒரு துண்டு விழுந்து நான் பார்த்ததில்லை. பொருளாளராக இருந்தபோது எனக்கும் தோன்றவில்லை. அது என் தப்பு.

இனி கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அடுத்த பொங்கலைத் தயவுசெய்து வெளியே வையுங்கள். முழு விழாவையும் கேட்கவில்லை. பானை பொங்குகிற அந்த ஒரு மணி நேரம். பொங்கல் எப்போதுமே வாசலில் வைப்பதுதானே. தைப் பனியில் நாலு மணிக்கு எழுந்து கோலம் போட்டு, விறகு பிடிக்காமல் ஊதாங்குழலால் ஊதிக் கண் எரிந்து, வெயில் வருகிற நேரத்துக்குப் பொங்கவைத்து, அடுத்தடுத்த நாள் மாட்டைக் குளிப்பாட்டி, வழுக்கு மரம் ஏறி, உறி அடித்து, காணும் பொங்கலுக்கு ஆற்றங்கரைக்குப் போனவர்கள் நாம். அது ஒரு குளிர்காலத் திருவிழா. நம் ஊர்க் குளிர் இவ்வளவு இல்லை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதுதான் தெரிந்த குளிர். திங்கள்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் அதே மைனஸ் பத்தில் ஓடி விளையாடிவிட்டுத்தான் வருகிறார்கள். நடுங்குவது நாம்தான்.

நெருப்பு பிரச்சினை என்றால், ஆடிட்டோரியத்தில்தான் பிரச்சினை. பூங்காவில் தீ மூட்ட இடம் இருக்கும், அனுமதிக்கு எழுதிக் கேட்கலாம். விறகுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் கேஸ் அடுப்பு. வயதானவர்களுக்குப் பக்கத்திலேயே ஷெல்டரும் ஹீட்டரும். இன்சூரன்ஸ் ஹாலுக்கும் கட்டுகிறோம். சங்கடம் நிஜமாக அங்கே இல்லை. முப்பத்திரண்டு நடனத்தில் இருபதை யாரிடம் போய் வேண்டாம் என்று சொல்வது என்பதில்தான் இருக்கிறது. அதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. என் மகளும் அந்த முப்பத்திரண்டில் ஒருத்தி. ஆனால் அவளிடம் கேட்டேன். மூன்று மாதம் ஒத்திகை பார்த்த பாட்டில் அவளுக்கு ஞாபகம் இருப்பது இரண்டு வரி. பாட்டி கட்டிய ஜன்னல் எந்தக் கோபுரத்தில், வாசலிலிருந்து எத்தனையாவது என்பதை வரைந்து காட்டுகிறாள்.

ஆட்களுக்கு வேலை கொடுங்கள். பார்வையாளராக உட்காரவைக்காதீர்கள். கரும்பை இறக்குவது ஒரு குடும்பம், அரிசி களைவது ஒரு குடும்பம், பனியை வழித்து இடம் தட்டுவது பதின்ம வயதுப் பையன்கள். அவர்களைத்தான் நாம் ரொம்பவும் தொலைத்துவிட்டோம். நடனம் ஆட வெட்கப்படுகிற வயது, பின்வரிசையில் ஹூடி போட்டுக்கொண்டு போனைப் பார்க்கிற கூட்டம். கையில் ஒரு மண்வெட்டி கொடுத்துப் பாருங்கள். உறியடிக்குக் கழி கொடுத்துப் பாருங்கள். கையுறையோடு உறி அடிப்பது இன்னும் கஷ்டம், அதனால் இன்னும் சிரிப்பு. தூக்கிப் பலம் காட்ட இளவட்டக்கல் வேண்டுமா, இருநூறு கிலோ எல்லாம் வேண்டாம், வாளியில் தண்ணீர் ஊற்றி இரவு வெளியே வைத்தால் காலையில் கல் தயார்.

கடைசியாக ஒன்று. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஒரு வேன் நிறைய ஆட்களோடு சரனாக் லேக் வாருங்கள். சங்கத்தின் பேனர் வேண்டாம், குரூப் போட்டோவுக்கு ஒரே கலர் டிஷர்ட் வேண்டாம். ‘தமிழர் பங்களிப்பு’ என்று பத்திரிகைக் குறிப்பு வேண்டவே வேண்டாம். வாளியைப் பிடித்து நாலு மணி நேரம் சேறு அப்பிவிட்டு, தெர்மாஸில் கொண்டுவந்த சுக்குக் காப்பியைப் பக்கத்தில் நிற்பவருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். ஏரி எப்போது இறுகும் என்று ஊர்க்காரர்களுக்கே முன்கூட்டித் தெரியாது. குளிர்காலம் முன்பு போல நம்பகமாக இல்லை, சில வருஷம் காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது. அதனால் தேதியை இப்போதே குறிக்க முடியாது. இரண்டு நாள் முன்னால்தான் தெரியும். ஹால் புக்கிங் செய்து பழகிய நமக்கு இது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

என் காரில் மூன்று இடம் இருக்கிறது. ரப்பர் கையுறை ஐந்து ஜோடி வைத்திருக்கிறேன், அதில் ஒரு ஜோடி அம்மாவுடையது. ஊருக்குத் திரும்பும்போது எடுத்துப் போகாமல், அடுத்த தடவைக்கு என்று விட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை போனில் மாத்திரை சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டுவிடுகிறார், ஏரி கெட்டியாச்சா என்று. ஆகஸ்ட் மாதம்மா என்கிறேன். அதுக்கென்ன, இருக்கட்டும், நீ ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வா என்கிறார்.

அன்புடன்,
சங்கத்தின் ஒரு பழைய பொருளாளர்